பிரைவேட் லிமிடெட் ஆரம்பிக்கிறோம், நம்பகமான ஆடிட்டரை எப்படித் தேடுவது? (பெங்களூரு)

9 ஜூன் 2024, கேள்வி

ராமமூர்த்தி நகரிலிருந்து எழுதுகிறேன். நானும் எங்கள் அண்ணியும் சில வருஷமாகச் சத்துமாவும் இட்லிப் பொடியும் செய்து விற்கிறோம். ஜி.எஸ்.டி. என் பெயரில், புரொப்ரைட்டர்ஷிப்பாக (தனி ஆள் வியாபாரமாக) இருக்கிறது. ஒரு சூப்பர்மார்க்கெட் கம்பெனியில், "பிரைவேட் லிமிடெட்டாக வாங்க, அப்போதான் வெண்டர் கோடு தருவோம்" என்கிறார்கள், அதாவது சரக்குக் கொடுப்பவருக்கான எண். 6,999 ரூபாய்க்குக் கம்பெனி பதிவு, ஒரு வருஷக் கணக்கு இலவசம் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். எடுக்கலாமா? அதைவிடப் பெரிய கவலை, கணக்கை யாரை நம்பிக் கொடுப்பது என்பதுதான். அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

9 ஜூன் 2024, இரவு

பீன்யாவில் ஷீட் மெட்டல் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். பல வருஷம் புரொப்ரைட்டர், இப்போது பிரைவேட் லிமிடெட். தெரிந்ததை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

அந்த 6,999-ஐப் பிரித்துப் பாருங்கள். ஆதரைஸ்டு கேபிடல் (கம்பெனி வெளியிடக்கூடிய பங்கு மூலதனத்தின் உச்ச வரம்பு) 15 லட்சம் வரை இருந்தால் பதிவுக்குக் கம்பெனி விவகார அமைச்சகம் கட்டணம் வாங்குவதில்லை. பெயர் முன்பதிவுக்கு 1,000 ரூபாய். அப்புறம் மாநில முத்திரைத் தீர்வை, பான், டான் கட்டணம், இரண்டு டைரக்டர்களுக்கும் டி.எஸ்.சி. (டிஜிட்டல் கையெழுத்து). மீதி அவர்கள் கூலி. பதிவு என்பது மலிவான வேலைதான். எனக்கு உறுத்துவது "ஒரு வருஷக் கணக்கு இலவசம்" என்ற வரி. கம்பெனி என்று வந்துவிட்டால், ஒரு ரூபாய்கூட வியாபாரம் ஆகாவிட்டாலும், பிராக்டிஸில் இருக்கும் சி.ஏ. (சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்) ஒருவர் ஆடிட் செய்து கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்தக் கையெழுத்து யாருடையது என்று போன் செய்து கேளுங்கள். பெயரும் உறுப்பினர் எண்ணும் சொன்னால் மேற்கொண்டு பேசலாம். "எங்கள் பேனலில் ஆள் இருக்கிறார்" என்றால் விட்டுவிடுங்கள். சி.ஏ.க்கள் விளம்பரம் செய்து ஆள் பிடிக்க அவர்களுடைய தொழில் விதி இடம் தருவதில்லை. அதனால் விளம்பரத்தில் பேசுகிறவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் இன்னொருவர் என்றுதான் பெரும்பாலும் இருக்கும்.

10 ஜூன் 2024

ஆடிட்டரைத் தேடுவதற்கு முன்னால் ஒன்று. கம்பெனிதான் வேண்டுமா என்று அந்த சூப்பர்மார்க்கெட்காரர்களிடம் எழுத்தில் கேளுங்கள். எல்.எல்.பி. (பொறுப்பு வரம்புள்ள கூட்டு நிறுவனம்) போதும் என்றால் சுமை பாதி குறையும். எல்.எல்.பி.க்கு விற்பனை 40 லட்சத்தையோ பங்களிப்பு 25 லட்சத்தையோ தாண்டினால்தான் அந்தச் சட்டப்படி ஆடிட். கம்பெனிக்கு முதல் நாளிலிருந்தே ஆடிட்.

இன்னொரு இழப்பும் உண்டு. இப்போது நீங்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவில் விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டி எளிதாக முடித்துக்கொண்டிருப்பீர்கள். கம்பெனிக்கும் எல்.எல்.பி.க்கும் அந்த வசதி கிடையாது. அதே சட்டத்தின் 115பிஏஏ பிரிவைத் தேர்ந்தெடுத்தால் கம்பெனிக்கு வரி 22 சதவீதம், சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 25.17. கட்டியபிறகு மிஞ்சும் பணமும் உங்கள் பணம் இல்லை, கம்பெனியின் பணம். சம்பளமாக எடுக்கலாம். டிவிடெண்டாக எடுத்தால் உங்கள் கையில் மறுபடி வரி. "அவசரத்துக்குக் கம்பெனி அக்கவுண்டிலிருந்து எடுத்து அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்பது கம்பெனிச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் போய் முட்டும், சில நிபந்தனைகளோடு பிரைவேட் கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு என்றாலும் பொதுவாக டைரக்டருக்குக் கம்பெனி கடன் தரக்கூடாது. கல்லாவில் கை விட்டுப் பழகிய நமக்கு இதுதான் முதலில் வலிக்கும். எனக்கும் என் மனைவிக்கும் இதில் ஒரு வருஷம் வாக்குவாதம் ஓடியது.

12 ஜூன் 2024

"லிமிடெட் என்றால் நம் வீட்டுக்குப் பாதிப்பு வராதுதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரக்குக் கொடுத்தவர் பாக்கிக்கு உங்கள் வீட்டைத் தொட முடியாது, சரி. பேங்க் லோன் கேட்கும்போது டைரக்டரின் சொந்த ஜாமீன் கேட்பார்கள், அங்கே அந்த வேலி போய்விடும். வரி பாக்கியும் அப்படித்தான். பிரைவேட் கம்பெனியிடமிருந்து ஜி.எஸ்.டி. வசூலாகாவிட்டால், தன் அலட்சியத்தால் நேரவில்லை என்று டைரக்டர் நிரூபிக்காதவரை அவர் தலையில் விழும். வருமான வரியிலும் இதே மாதிரிப் பிரிவு உண்டு. "அக்கவுண்டன்ட் பார்த்துக்கொள்வார்னு இருந்துட்டேன்" என்று சொல்லி அந்த அலட்சியத்திலிருந்து தப்பிக்க முடியாது.

16 ஜூன் 2024

இப்போது முக்கியமான விஷயம். நாம் எல்லாரையும் "ஆடிட்டர்" என்றே கூப்பிடுகிறோம். பில் என்ட்ரி போடுகிறவர் ஆடிட்டர், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறவர் ஆடிட்டர், ஐ.டி. ஃபைல் பண்ணுகிறவரும் ஆடிட்டர். புரொப்ரைட்டராக இருந்தவரை அதில் கெடுதல் இல்லை. கம்பெனியில் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு, ஆடிட் செய்கிறவர் அதே கம்பெனிக்குக் கணக்கு எழுதித் தரக்கூடாது என்கிறது. நேரடியாகவும் கூடாது, சுற்றி வளைத்தும் கூடாது. தான் எழுதிய கணக்கைத் தானே சரிபார்த்து "உண்மையானது, நியாயமானது" என்று கையெழுத்துப் போடுவதில் என்ன அர்த்தம்?

நடைமுறையில் சின்னக் கம்பெனிகளில் ஒரே ஆபீஸில் ஒரு பையன் டாலி என்ற கணக்கு மென்பொருளில் என்ட்ரி போடுவான், உள் அறையில் சார் கையெழுத்துப் போடுவார். ஊரே அப்படித்தான் செய்கிறது என்பார்கள். நீங்கள் புதிதாக ஆரம்பிப்பதால் ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். என் யூனிட்டில் ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு அக்கா வாரத்தில் இரண்டு நாள் வந்து என்ட்ரி போடுகிறார். மல்லேஸ்வரத்தில் இருக்கும் சி.ஏ. ஆடிட் செய்கிறார். அக்காவுக்கும் சி.ஏ.வுக்கும் முன்பின் பழக்கம் கிடையாது. அக்கா ஒரு டீசல் பில்லை மெஷின் பராமரிப்பில் போட்டால் சி.ஏ. கேட்கிறார். சி.ஏ. ஆபீஸ் ஒரு தேய்மானக் கணக்கை மாற்றினால் அக்கா ஏன் என்கிறார். இருவரும் என்னைக் கேட்கிறார்கள், நான் படிக்க வேண்டியிருக்கிறது. செலவு கூடுதல்தான். எனக்கு ராத்திரி தூக்கம் வருவது இந்த ஏற்பாட்டால்தான்.

2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் கணக்கு எழுதும் மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு இருந்தே ஆக வேண்டும், அதை அணைத்து வைக்கும் வழியும் இருக்கக்கூடாது. டாலியில் அதற்கு எடிட் லாக் உண்டு. கணக்கு எழுதுகிறவரிடம் முதல் சந்திப்பிலேயே அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். "அது எதுக்கும்மா உங்களுக்கு" என்று கேட்டால் அந்த ஆள் நமக்கு ஆகாது.

17 ஜூன் 2024

தங்கச்சி, உங்கள் அண்ணியின் தம்பி இப்போதுதான் சி.ஏ. முடித்திருக்கிறார், அவரையே போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடிட்டராகப் போட முடியாது. அண்ணி டைரக்டர், அவர் டைரக்டரின் உடன்பிறந்த தம்பி. 141-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் அந்தச் சட்டத்தின் "உறவினர்" பட்டியலில் வரமாட்டார்கள், ஆனாலும் நான் போடமாட்டேன். மாமா வீட்டுக் கல்யாணத்தில் எதிரே நிற்கப்போகிறவரிடம் "ஏன் இன்னும் ஃபைல் பண்ணவில்லை" என்று கேட்க நமக்கு வாய் வராது. கணக்கு வேலையில் கேட்க வாய் வர வேண்டும். அந்தத் தம்பியை வேறு விதத்தில் பயன்படுத்துங்கள். ஆடிட்டரைப் பார்க்கப் போகும்போது கூட அழைத்துப் போங்கள். அவர் கேட்கும் நாலு கேள்வி உங்களுக்குப் பெரிய உதவி.

23 ஜூன் 2024

ஏமாந்த கதை ஒன்று கேட்டிருந்தீர்கள். பக்கத்து லேத் யூனிட்காரருடையது. ஆள் யாரென்று எழுதப்போவதில்லை, முறையை மட்டும் சொல்கிறேன்.

மாதாமாதம் ஜி.எஸ்.டி. தொகையை அக்கவுண்டன்டின் சொந்த நம்பருக்கு ஜிபே செய்துவிடுவார். மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். வரும். மேலே ஜி.எஸ்.டி. சலான் என்று இருக்கும், அவர் பெயர், ஜி.எஸ்.டி. எண், தொகை, எல்லாம் சரியாக இருக்கும். திருப்தியாக மூடி வைத்துவிடுவார். அந்தச் சலானை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்தது 14 இலக்க சிபின் மட்டும். சலானை உருவாக்கினாலே சிபின் வந்துவிடும், பணம் கட்ட வேண்டியதில்லை. பணம் கட்டிய பிறகுதான் 17 இலக்க சின் வரும், அதாவது அதே 14 இலக்கமும் பேங்கின் மூன்றெழுத்துக் குறியும். கட்டிய தேதியும் கூடவே இருக்கும். அவர் வைத்திருந்த சலான்கள் ஒன்றில்கூட சின் இல்லை.

எப்படித் தெரிய வந்தது என்பதைக் கவனியுங்கள். ஒரு மாதம் 3பி (வரியைக் கணக்குக் காட்டிக் கட்டும் ரிட்டர்ன்) போடாவிட்டால் அடுத்த மாதத்து ஜி.எஸ்.டி.ஆர். 1-ஐ (விற்பனை பில்களின் ரிட்டர்ன்) போர்ட்டல் போட விடாது. ஜி.எஸ்.டி.ஆர். 1 போகாவிட்டால் வாங்குகிறவரின் 2பி-யில் (அவர் வாங்கிய பில்களின் பட்டியல்) நம் பில் தெரியாது. தெரியாவிட்டால் அவருக்கு கிரெடிட் இல்லை, அதாவது நம்மிடம் கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. லேத் யூனிட்காரரின் பெரிய கஸ்டமர் பேமென்டையே நிறுத்தி வைத்துவிட்டார். இவர் "ஏன் பணம் வரவில்லை" என்று அங்கே போய்க் கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. வரியை மறுபடி முழுசாகக் கட்டினார், 18 சதவீத வட்டியோடு, தாமதக் கட்டணமும் சேர்த்து. அக்கவுண்டன்டிடம் கொடுத்தேன் என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை, ரிஜிஸ்ட்ரேஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கம், வரிப் பணம் எந்த மனிதரின் அக்கவுண்ட் வழியாகவும் போகக்கூடாது. அக்கவுண்டன்ட் சலான் உருவாக்கித் தரட்டும். கம்பெனி அக்கவுண்டிலிருந்து நெட் பேங்கிங்கில் நீங்களே கட்டுங்கள். இதற்குச் சம்மதிக்காதவர் எவ்வளவு படித்தவரானாலும், யார் சிபாரிசில் வந்தாலும் வேண்டாம்.

24 ஜூன் 2024

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். சின் இருந்தால் மட்டும் போதாது. பணம் கட்டினால் அது போர்ட்டலில் உங்கள் கேஷ் லெட்ஜருக்குப் போய் உட்காரும், அவ்வளவுதான். 3பி போட்டு அதில் கழித்தால்தான் வரி கட்டியதாக அர்த்தம்.

ரிட்டர்ன் போயிருக்கிறதா என்று பார்க்க லாகின்கூட வேண்டாம். ஜி.எஸ்.டி. தளத்தில் "சர்ச் டாக்ஸ்பேயர்" பகுதியில் எண்ணைப் போட்டால், எந்த மாதம் எந்த ரிட்டர்ன் எந்தத் தேதியில் போனது என்று பட்டியலாகவே வரும். யாருடைய எண்ணையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு அக்கவுண்டன்ட், "நான் இன்னாருக்கெல்லாம் பார்க்கிறேன்" என்று சொன்னால் அந்தக் கடைகளின் பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்கும். போட்டுப் பாருங்கள். மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர். 1 11-ஆம் தேதிக்குள்ளும் 3பி 20-ஆம் தேதிக்குள்ளும் போயிருக்கிறதா, இல்லை கெடு தாண்டி இழுத்துக்கொண்டு கிடக்கிறதா? அவர் நடத்தைச் சான்றிதழ் அதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் கடைகளும் உண்டு, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2 ஜூலை 2024

சி.ஏ.வைத் தேடும் வேலை. ஐ.சி.ஏ.ஐ. (சி.ஏ.க்களின் அமைப்பு) தளத்தில் உறுப்பினர் எண்ணை வைத்துப் பார்க்கலாம், பிராக்டிஸ் சான்றிதழ் இருக்கிறதா என்பது முக்கியம். சி.ஏ. படித்துவிட்டு வேலைக்குப் போகிறவர் ஆடிட் செய்ய முடியாது. அவர் கையெழுத்துப் போடும் சான்றிதழ், ஆடிட் அறிக்கை எல்லாவற்றிலும் யூடின் என்று 18 இலக்க எண் இருக்க வேண்டும், 2019 ஜூலையிலிருந்து எல்லா ஆவணத்துக்கும் கட்டாயம். அதை அவர்களுடைய யூடின் தளத்தில் போட்டு உண்மையா என்று நீங்களே பார்க்கலாம். கையெழுத்தையும் முத்திரையையும் யார் வேண்டுமானாலும் செய்துவிடுவார்கள் என்பதால்தான் இந்த ஏற்பாடே வந்தது.

பெரிய ஆபீஸா, தனி ஆளா? நம் அளவுக்குத் தனி ஆள்தான் நல்லது என்பது என் எண்ணம். போன் எடுப்பார், நம் தொழிலைத் தெரிந்துகொள்வார்.

3 ஜூலை 2024

மேலே தனி ஆள் என்றேன். ராத்திரி யோசித்தபோது அதோடு ஒரு நிபந்தனை சேர்க்கத் தோன்றியது. செப்டம்பர், அக்டோபரில் ஆடிட் வேலை எல்லாருக்கும் ஒன்றாக வந்து விழும். அந்த நேரத்தில் அவருக்கு உடம்பு முடியாமல் போனால்? "உங்களுக்கு ஒன்று என்றால் யார் பார்ப்பார்கள்" என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். என் சி.ஏ. தயங்காமல் வசந்த் நகரில் இருக்கும் இன்னொருவர் பெயரைச் சொன்னார், அறிமுகமும் செய்து வைத்தார். அந்தப் பதில்தான் என்னை முடிவு செய்ய வைத்தது.

கேட்க வேண்டிய இன்னொன்று: "பில் கொஞ்சம் தேவைப்பட்டால் ஏற்பாடு செய்ய முடியுமா?" செய்ய முடியும் என்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வாங்காத சரக்குக்குப் பில் வைத்து கிரெடிட் எடுப்பது குற்றம், மாட்டினால் கிரெடிட்டும் போகும், அதே அளவு அபராதமும் வரும். நமக்கு உதவி என்று இதைச் செய்கிறவர் நம் பெயரில் இன்னொருவருக்கும் பில் போடுவார்.

14 ஜூலை 2024

சாவிகள் பற்றி. இதை எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

ஒரு கன்சல்டன்ட் ஆபீஸில் பார்த்தது: மேஜை டிராயரைத் திறந்தார், உள்ளே விரல் நீள யூ.எஸ்.பி. டோக்கன்கள் கொத்துக் கொத்தாக. ஒவ்வொன்றிலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, பேனாவால் பெயர், அதன் கீழேயே பாஸ்வேர்டு. அத்தனையும் டைரக்டர்களின் டி.எஸ்.சி. அந்த டோக்கனால் போடும் கையெழுத்து சட்டப்படி உங்கள் கையெழுத்து. அதைக் கொண்டு உங்கள் கம்பெனி அட்ரஸை மாற்றும் படிவத்திலும், புது டைரக்டரைச் சேர்க்கும் படிவத்திலும் கையெழுத்துப் போடலாம். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தை யாராவது அடுத்தவர் டிராயரில் விட்டு வைப்பார்களா?

டி.எஸ்.சி. உங்கள் பீரோவில் இருக்கட்டும். தேவைப்படும்போது எடுத்துப் போங்கள், இல்லை ரிமோட்டில் அவர் படிவத்தைத் திறக்க, நீங்கள் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும். படிவத்தை ஒருமுறையாவது படிக்க இதுதான் வாய்ப்பு.

அதைவிடப் பெரிய சாவி மொபைல் நம்பரும் இமெயிலும். கம்பெனி பதிவு செய்யும் ஸ்பைஸ் ப்ளஸ் படிவத்தில் போடும் இமெயில், ஜி.எஸ்.டி. போர்ட்டலில் போடும் மொபைல், வருமான வரித் தளத்தில் போடும் தொடர்பு எண், மூன்றும் உங்களுடையதாக இருக்க வேண்டும். வசதிக்காக அவர்கள் தங்களுடையதைப் போட்டுவிடுவார்கள், கெட்ட எண்ணம்கூட இல்லாமல். அப்புறம் நோட்டீஸ் வந்தால் அவருக்கு வரும், உங்களுக்கு வராது. பதில் சொல்லக் கொடுத்த கெடு முடிந்த பிறகுதான் உங்களுக்கு விஷயமே தெரியும். கம்பெனி பெயரில் ஒரு இமெயில் இன்றே ஆரம்பியுங்கள், அதற்கு ஒரு சிம் தனியாக வாங்குங்கள். அக்கவுண்டன்டுக்கு இமெயில் பாஸ்வேர்டு தர வேண்டாம், ஓ.டி.பி. வந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

15 ஜூலை 2024

ஏற்கெனவே நம்பர் அவர்களுடையது, அவர் போனே எடுப்பதில்லை, என்ன செய்வது என்று ஒருவர் கேட்கிறார். ஜி.எஸ்.டி.க்கு உங்கள் எல்லைக்குட்பட்ட அதிகாரியிடம் ஆதாரங்களோடு எழுத்தில் விண்ணப்பியுங்கள். கையெழுத்து அதிகாரம் பெற்றவரின் இமெயிலையும் மொபைலையும் அவரால் மாற்றித்தர முடியும். எந்த வார்டு, எந்த அதிகாரி என்பது போர்ட்டலில் உங்கள் எண்ணைப் போட்டாலே தெரியும்.

11 ஆகஸ்ட் 2024

கம்பெனிப் பெயர் பற்றி இரண்டு வரி. நீங்கள் யோசித்து வைத்திருக்கும் பெயர் அழகாக இருக்கிறது, ஆனால் யாராவது டிரேட்மார்க் எடுத்திருந்தால் நிராகரித்துவிடுவார்கள். மாவு, பொடி எல்லாம் 30-ஆம் வகுப்பில் வரும், டிரேட்மார்க் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஒரே விண்ணப்பத்தில் இரண்டு பெயர் கொடுக்கலாம். அனுமதி வந்தால் 20 நாளைக்குள் பதிவுப் படிவம் போக வேண்டும். விண்ணப்பத்தைப் பார்ப்பது கோரமங்களா கேந்திரிய சதனில் இருக்கும் கம்பெனிப் பதிவாளர் இல்லை, மானேசரில் இருக்கும் மையப் பதிவு அலுவலகம். அதனால் "கோரமங்களாவில் எனக்கு ஆள் தெரியும், சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெயர்ப் பலகை: வாசலில் கம்பெனிப் பெயரும் அட்ரஸும் எழுதி வைக்க வேண்டும், வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டமே சொல்கிறது. கர்நாடகத்தில் 2024-இல் வந்த திருத்தத்தின்படி பலகையில் 60 சதவீதம் கன்னடம். இரண்டையும் சேர்த்து ஒரே பலகையாக எழுதிவிடுங்கள்.

ஊர் மாறி யூனிட் இருந்தால் எப்படி என்று ஓசூர்க்காரர் ஒருவர் கேட்டதற்கு: பதிவு அலுவலகம் பெங்களூரில், யூனிட் ஓசூரில் என்றால் கம்பெனி ஒன்றுதான், ஆனால் ஜி.எஸ்.டி. எண் இரண்டு. கர்நாடகத்துக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு ஒன்று. இங்கிருந்து அங்கே சரக்கு அனுப்பினாலும் பில் போட வேண்டும். கணக்கு எழுதுகிறவருக்கு இது தெரியுமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

29 செப்டம்பர் 2024

நாளையோடு ஏ.ஜி.எம். (பங்குதாரர்களின் வருடாந்திரக் கூட்டம்) கெடு. என் ஆடிட் முடிந்துவிட்டது, அதனால் நிம்மதியாக எழுதுகிறேன். ஏ.ஜி.எம். முடிந்து 30 நாளில் கணக்குத் தாக்கல் படிவம் ஏ.ஓ.சி. 4, 60 நாளில் வருடாந்திர ரிட்டர்ன் எம்.ஜி.டி. 7ஏ. தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய், உச்ச வரம்பே கிடையாது. இரண்டும் ஒரு வருஷம் கிடந்தால் 73,000 ரூபாய். வியாபாரமே நடக்காத கம்பெனிக்கும் இதே கணக்குத்தான்.

மூன்று வருஷம் தொடர்ந்து கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் டைரக்டர்கள் ஐந்து வருஷத்துக்குத் தகுதி இழப்பார்கள். வெறும் மிரட்டல் என்று நினைக்க வேண்டாம். 2017-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்கள் தகுதி இழந்தார்கள். கிடப்பில் போட்ட ஒரு கம்பெனிக்காக, நன்றாக நடந்த இன்னொரு கம்பெனியிலும் தவித்தவர்களை பீன்யாவிலேயே தெரியும். உங்கள் அண்ணியிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். "பேருக்குத்தான் டைரக்டர்" என்று சட்டத்தில் யாரும் கிடையாது.

6 அக்டோபர் 2024

ஆடிட்டரை மாற்றுவது எவ்வளவு சுலபம் என்று கேட்டிருக்கிறீர்கள். சுலபம் இல்லை. முதல் ஏ.ஜி.எம்.மில் நியமித்தால் ஐந்து வருஷம். நடுவில் நீங்களாக நீக்க வேண்டும் என்றால் மத்திய அரசின் முன் அனுமதியும் சிறப்புத் தீர்மானமும் வேண்டும். அவராக ராஜினாமா செய்தால் தொல்லை குறைவு. புதிதாக வருகிறவர் பழையவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டாக வேண்டும், அது அவர்கள் தொழில் விதி. பழையவருக்கு ஆடிட் ஃபீஸ் பாக்கி வைத்திருந்தால் புதியவர் தயங்குவார். அதனால் ஃபீஸைத் தள்ளிப்போடாதீர்கள். முதலிலேயே எதற்கு எவ்வளவு, எது சேராது என்று எழுதி வாங்குங்கள்.

கணக்கு எழுதுகிறவரை மாற்றுவதற்குத் தடை எதுவும் இல்லை, டேட்டா உங்களிடம் இருந்தால். மாதக் கடைசியில் டாலி பேக்கப்பை உங்கள் ஹார்டு டிஸ்கில் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகங்களை எட்டு வருஷம் வைத்திருக்க வேண்டியது கம்பெனியின் கடமை, அவருடையது இல்லை.

1 டிசம்பர் 2024

பெயர் அனுமதிக்கு இப்போது போடுகிறோம், டிசம்பருக்குள் பதிவாகிவிடுமா என்று கேட்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பதிவாகும் கம்பெனிக்கு, கம்பெனிச் சட்டப்படி முதல் நிதியாண்டு அடுத்த வருஷம் மார்ச் 31 வரை ஓடும். டிசம்பர் கடைசியில் பதிவானால் மூன்று மாதக் கணக்குக்காக வரும் மார்ச்சோடு மூடி, தனியாக ஆடிட், தனியாக ஏ.ஜி.எம். ஜனவரியில் பதிவானால் 2026 மார்ச் வரை ஒரே கணக்கு. வருமான வரிக்கு மட்டும் இது பொருந்தாது, 2025 மார்ச் வரைக்கும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். இதைத் தானாகவே எடுத்துச் சொன்ன சி.ஏ. யாராவது நீங்கள் பார்த்தவர்களில் இருந்தால் அவரையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷ ஃபீஸ் தன் கையை விட்டுப் போகும் என்று தெரிந்தும் சொன்னவர்.

19 ஜனவரி 2025

பதிவாகிவிட்டது என்று படித்தேன், ரொம்ப சந்தோஷம். இனி நாள் கணக்குத் தொடங்கிவிட்டது. பதிவான தேதியிலிருந்து 30 நாளைக்குள் போர்டு மீட்டிங்கில் முதல் ஆடிட்டர் நியமனம். நீங்கள் இருவரும் ஒப்புக்கொண்ட பங்குப் பணத்தைச் சொந்த அக்கவுண்டிலிருந்து கம்பெனி அக்கவுண்டுக்கு, அவரவர் பங்கை அவரவரே மாற்றுங்கள். அந்த ஸ்டேட்மென்டை வைத்து 180 நாளைக்குள், வியாபாரம் தொடங்குவதை அறிவிக்கும் ஐ.என்.சி. 20ஏ படிவம். அது போகாமல் கம்பெனி பெயரில் வியாபாரமோ கடனோ கூடாது, கம்பெனிக்கு 50,000 அபராதம், டைரக்டர்களுக்குத் தனி.

பழைய வியாபாரத்தைக் கம்பெனிக்கு மாற்றும்போது உங்கள் பங்கு 50 சதவீதத்துக்குக் குறையாமல் ஐந்து வருஷம் இருந்தால், மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால், மூலதன ஆதாய வரி வராது. நீங்களும் அண்ணியும் பங்கைப் பாதிப் பாதி என்று முடிவு செய்தது அந்த வகையில் சரி. பழைய ஜி.எஸ்.டி.யில் மீதி இருக்கும் கிரெடிட்டை ஐ.டி.சி. 02 படிவத்தில் மாற்றலாம், அதற்கு சி.ஏ. சான்றிதழ் வேண்டும், யூடினோடு. மாற்றி முடியும்வரை பழைய எண்ணை ரத்து செய்ய வேண்டாம். உணவு லைசென்ஸ் கம்பெனி பெயரில் புதிதாகத்தான் எடுக்க வேண்டும், கையில் இருக்கும் பாக்கெட் கவர்களில் பழைய எண் அச்சாகியிருக்கும், புது கவர் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.